அந்தோனியாருக்கு நேர்ந்த கிடாய்

சரிபுதீன் கிடாயின் மூக்கை ஒருதரம் குனிந்து பார்த்தார். பிறகு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அந்தோனியார் திருநாளுக்கு நேர்த்திக்கடனாக வரும் ஆடுகளை வருசா வருசம் ஏலத்தில் எடுக்கிற இறைச்சிக்கடைக்காரர் அவர். அவரை நம்பித்தான் சிங்கராசா அந்தக் கிடாயையே கொண்டுவந்திருந்தார்.

மகள் டினோஜாவின் கலியாணம் ஒப்பேறினால் கிடாய் தருவதாக நேர்ந்திருந்தார். எந்தக் கிடாய் என்று புனிதரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பட்டியில் கொழுத்தது ஒன்று நின்றது, இருமுவது ஒன்று நின்றது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முந்தாநாள் வந்த மிருக வைத்தியர் நுரையீரல் காய்ச்சல் என்றிருந்தார். அந்தப் பக்டீரியா சுகமான ஆட்டின் தொண்டையிலும் சாதுவாகக் குடியிருக்குமாம். மழையில் நனைந்து, லொறியில் அலைந்து ஆடு களைத்ததும் நெஞ்சுக்குள் இறங்கித் தன் வேலையைக் காட்டுமாம். சிங்கராசாவுக்கு இரண்டு மூன்று சொந்தக்காரரின் முகம் வந்துபோனது.

பக்கத்தில் நிற்கிற ஆடுகளுக்கும் தொற்றும் என்றார் வைத்தியர். வைத்தியம் செய்தால் செலவு. புனிதருக்குக் கொடுத்தால் புண்ணியம்.

ஏலம் கூற வந்த றொட்னி மைக்கைத் தட்டினார். அதே நேரம் கிடாய் இருமியது. ஒருவருக்கும் கேட்கவில்லை. புனிதர் தன் பக்கம்தான் என்று சிங்கராசா சிலுவை போட்டுக்கொண்டார்.

பதினையாயிரம் என்றார் சம்பந்தி அமிர்தநாயகம்.

சிங்கராசா சரிபுதீன் போன பக்கம் எட்டிப் பார்த்தார். ஆளைக் காணவில்லை.

சரிபுதீன் என்றால் பின்னேரத்துக்குள் கிடாயின் கதையும் முடியும், இருமலின் கதையும் முடியும். சம்பந்தி வெட்டமாட்டார். நேர்த்திக் கிடாய் பட்டிக்கு ஆசீர்வாதம் என்று தன் ஊரான வெள்ளாங்குளத்துக்குக் கொண்டுபோய் ஆடுகளுக்கு நடுவில் விடுவார். டினோஜாவுக்குச் சீதனமாகக் கொடுத்த பன்னிரண்டு மறியாடும் அங்கேதான் நிற்கின்றன. பாதி சினை.

உண்மையைச் சொல்லித் தடுக்கலாம்தான். ஆனால் கலியாணம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தோனியாரையே ஏய்த்த மனுசன் போட்ட நகையைச் சம்பந்தி வீட்டார் அன்றைக்கே உரைத்துப் பார்க்க மாட்டார்களா?

சிங்கராசா கையைத் தூக்கினார். இருபது.

சனம் சிரித்தது. மனைவி அருள்நாயகி முக்காட்டுக்குள் இருந்து முணுமுணுத்தாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற ஒரே பக்தன் நீங்கள்தான்."

சம்பந்தி இருபத்தைந்து என்றார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. சிங்கராசா ஏற ஏற, அவரும் சாரத்தை மடித்துக் கட்டுகிற நிதானத்தில் ஏறினார். மாமனாருக்குப் பின்னால் நின்ற டினோஜா, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், சேலைக் கொசுவத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சொன்ன விலைக்கு ஒரு கத்தரிக்காய்கூட வாங்கியறியாத மனுசன், இருமுகிற தன் கிடாய்க்கு அறுபத்தையாயிரம் கூப்பிட்டார்.

சம்பந்தி கையை இறக்கினார்.

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. கொடுத்த காணிக்கையையே மீட்டெடுத்துக் கோயிலுக்கு இரட்டிப்பாய்க் கொடுத்த பக்தி என்று பாதர் மைக்கில் புகழ்ந்தார். சிங்கராசா கும்பிட்டார். நல்ல கிடாயைக் கொண்டுவந்திருந்தால் மலிவாய் முடிந்திருக்கும்.

கிடாயை ஓட்டோவில் ஏற்ற சம்பந்தியே ஒரு கை கொடுத்தார். அது அவருடைய முகத்துக்கு நேரே இருமியது. அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"நேற்று உங்களிட்டை வந்த பிள்ளைக்கு, பட்டியில இது இருமினது கேட்டதாம், அண்ணை. தனக்காக எண்டால் அப்பா அறுபது வரைக்கும் வருவார், அதோட என்னை நிப்பாட்டச் சொன்னவள். நீங்கள் அதுக்கு மேலயும் வந்திட்டியள்."