தம்பியின் பகுதி

வயலினுக்கும் செல்லோவுக்குமான அந்த இசைக்கோவையை அக்காவும் தம்பியும் சேர்ந்து வாசிப்பதாக இருந்தது. தம்பி இறந்து இரண்டு மாதமாகிறது. அக்கா தன் வயலின் பகுதியை மட்டும் பதிவுசெய்ய ஸ்டுடியோவுக்குத் தனியாக வந்தாள். நான்கே சுரங்கள்தான், திரும்பத் திரும்ப வரும். வாசித்துவிட்டு வெளியே வந்து பதிவைக் கேட்டபோது, வயலினுக்கு அடியில் செல்லோவும் ஒலித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் தம்பி மூச்சிழுக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"செல்லோ யாரு வாசிச்சது?"

"உங்க பக்கத்துல உக்காந்திருந்தாரே, அவர்தான்" என்றார் புதிதாகச் சேர்ந்திருந்த ஒலிப்பதிவாளர்.

அவள் உள்ளே போய், காலி நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இசைக்கோவையின் அடுத்த பாகத்தைத் தொடங்கினாள். பாதியில் ஹெட்போனில் ஒலிப்பதிவாளரின் குரல் வந்தது.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க மேடம். அவர் அழறாரு."