யாழரசி பிழைத்த பிரதி

சின்னப் பதிப்பகத்தின் மாயக்கதை எழுத்தாளர் தணிகைவேல், தன் நாவலை விற்க, அட்டை நாக முகமூடி மாட்டிக்கொண்டு புத்தகக் கண்காட்சியில் கூவிக்கொண்டிருந்தார். வாசகி ஒருத்தி ஓடிவந்தாள்.

"சார், யாழரசி நாகத்தை ஜெயிச்சு வீட்டுக்கு வர்றப்போ அழுதுட்டேன்!"

யாழரசி, இறந்துபோன தன் மகளை நினைத்து அவர் படைத்த இளவரசி; அவர் எழுதிய கதையில் நாகத்திடம் சாகிறவள். இப்போதெல்லாம் வாசிப்பவர் மனம் எதை நம்புகிறதோ, அதற்கேற்பப் புத்தகங்களே முடிவை மாற்றிக்கொள்கின்றன.

"வந்து... அப்பாகிட்ட என்னம்மா சொல்றா?"

"நான் சொன்னா நல்லாருக்காது சார். நீங்களே படிங்க."

முகமூடியைக் கழற்றிவிட்டு, அவள் கையிலிருந்த பிரதியை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அவர் பார்வை பட்டதும் எழுத்துகள் கலைந்து, திரும்பவும் கூடின.

யாழரசி மறுபடியும் செத்துப்போனாள்.