மகாவின் கையெழுத்து

மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த பதினேழு வீடுகளை அரசு இடிக்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. தடை கேட்டு வழக்குப் போடப் பன்னிரண்டு வக்கீல்கள் கூடியிருந்தார்கள். வக்காலத்தில் பதினொரு பேர் கையெழுத்திட்டுவிட்டார்கள். மகா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"எடீ, மனுவே நீ எழுதினதுதானே? இப்ப என்ன பயம்?" என்றாள் சக வக்கீல் ஷபானா.

"பயமில்ல. இதுல நான் வக்கீலா நிக்க முடியாது."

"ஏன், அரசு வக்கீல் வேலை தர்றேன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

மகா சிரித்தாள். "சொல்லியிருந்தா முதல்ல உனக்கு ஒரு சாயா வாங்கித் தந்திருப்பேன்."

"பின்னே என்ன? அங்க இருக்கிற அத்தனை பேர் பேரும் உனக்கு மனப்பாடம். கடைசி நேரத்துல அவங்களைக் கைவிட்டா எப்படி?"

மகா வக்காலத்தை இழுத்துக் கையெழுத்திட்டாள். ஷபானா எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, இடம் மாறிப் போட்டுட்டே. அது கட்சிக்காரங்க போடற இடம்."

"சரியாத்தான் போட்டிருக்கேன்." மகா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொந்த வழக்குல நானே வக்கீலா நிக்கக் கூடாதே. அந்தப் பதினேழுல கடைசி வீடு என்னோடது, ஷபானா."