நாலாவது அழைப்பு

அக்கா பாடிய பாட்டு சின்னதுதான். விளையாடப் போன பிள்ளையை அம்மா நான்கு முறை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள், அவ்வளவே. ஒலிக்கலவையில் தம்பிக்கு இருபது வருடப் பழக்கம். முதல் அழைப்புக்கு எதிரொலியை அள்ளிப் போட்டான். அடுத்தடுத்த அழைப்புகளில் குறைத்துக்கொண்டே வந்தான். அவள் மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட வெட்டவில்லை.

"கேக்கறவங்கதான்க்கா அந்தப் பிள்ளை. ஒவ்வொரு தடவையும் வீட்ட நெருங்கி வர்ற மாதிரி இருக்கணும்."

அவனுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த அக்கா தலையாட்டினாள். அவள் மகள் விளையாடப் போய்த் திரும்பாமல் ஏழு வருடம் ஆகிறது. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

குரல் சரியாக எழுந்து நிற்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வராந்தாவில் நின்று கேட்டான். முதல் அழைப்பு முடிந்ததும், "வரேம்மா" என்றது எங்கோ தூரத்தில் ஒரு சிறு குரல்.

உள்ளே வந்து பார்த்தான். பதிவில் இருந்தது அக்காவின் குரல் மட்டும்தான். இரண்டாவது அழைப்புக்கும் பதில் வந்தது, கொஞ்சம் கிட்டத்தில். மூன்றாவதற்கு, அவன் சற்றுமுன் நின்றிருந்த வராந்தாவிலிருந்தே வந்தது.

அவன் பாட்டை நிறுத்தினான்.

"கடைசியில எக்கோவ சுத்தமா எடுத்துடுடா," என்றாள் அக்கா, பதறாமல்.

எடுத்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டான். நாலாவது அழைப்பு காதோரம் பேசுவதுபோல் ஒலித்தது. அதற்குப் பதில் வரவில்லை.

அக்கா சோபாவில் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் விட்ட இடத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.