முந்திக்கொள்ளும் கை

போராட்டக்காரர்கள்மேல் தண்ணீர் பீய்ச்சும் ஆளில்லா வண்டியை ஜெசிந்தா ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஓட்டினாள். அந்தச் சனியன் பிடித்த லிவரை அசைத்தால் இரண்டு விநாடி கழித்துத்தான் தண்ணீர் திரும்பும்.

"ஓடுறவனப் பாக்காதம்மா, அவன் திரும்பப்போற பக்கத்தப் பாரு" என்றார் சூப்பர்வைசர். மூன்றே மாதத்தில் கை பழகிவிட்டது. ஒரு முகமும் தப்பவில்லை.

வீட்டில் மகளுக்குப் பருப்புச்சோறு ஊட்டினாள். பிள்ளை வேண்டாமென்று இடப்பக்கம் திரும்பியது. ஸ்பூன் அதற்கு முன்பே அங்கே இருந்தது. வலப்பக்கம் திரும்பியது, அங்கேயும் இருந்தது. கடைசியில் பிள்ளை திரும்புவதையே விட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தது.

"பரவால்லியே, ஒரு பருக்கைகூடச் சிந்தல!" என்றான் கணவன் பிரிட்டோ.

ஜெசிந்தா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். ஆபீஸ் திரையிலும் கடைசியில் எல்லோரும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள்.