வாயால் சொன்னது மட்டும்

"மூச்சை நல்லா உள்ள இழுத்துக்கிட்டே ரெண்டு கையையும் மேல தூக்குங்க" என்கிறாள் அக்கா. ஜன்னல் வெயிலுக்குள் கைகள் எல்லாம் ஒன்றாக எழுகின்றன. பின்வரிசை ஓரத்தில், கண்ணை மூடிக்கொண்டு, மாணவர்களோடு மாணவியாக நிற்கிறாள் தங்கை. வயதில் இளையவள்தான், ஆனால் அக்காவுக்கு யோகா குரு அவளே. அக்கா தனியாக எடுக்கும் முதல் வகுப்பு இது. "நீ வாயால சொல்றத மட்டும்தான் செய்வேன்க்கா, மனசுல நினைக்கிறத செய்ய மாட்டேன்" என்று தங்கை காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். அவளுடைய குரு அவளைப் பழக்கியதும் அப்படித்தானாம். முன்வரிசையில் ஒரு பெரியவர் தள்ளாடுகிறார். அக்கா பதறி ஓடி, அவர் முதுகைத் தாங்கிப் பிடித்து, பாதங்களை அகட்டி வைக்கச் சொல்லிவிட்டு நிமிர்கிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. மற்றவர்கள் எப்போதோ தாங்களாகவே மூச்சை விட்டு, கைகளையும் தொங்கப் போட்டுவிட்டார்கள். தங்கை மட்டும் அப்படியே நிற்கிறாள். ஏறிய மார்பு இறங்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, முகம் சிவந்து கன்றிப்போகிறது. எதைச் சொல்லாமல் விட்டோம் என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. "மூச்ச... மூச்ச வெளிய விடுங்க." புஸ்ஸென்று தங்கையின் மார்பு இறங்குகிறது. இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அக்கா துப்பட்டாவால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி, அடுத்து எல்லாரும் உக்காரலாம்" என்று சொல்ல வாயைத் திறக்கிறாள். தங்கையின் கண்கள் இன்னும் மூடியே இருக்கின்றன. அவளுடைய கைகள் இரண்டும் தலைக்கு மேலே நடுங்கிக்கொண்டிருக்கின்றன.