நாலு வரிக் கல்

டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, தொல்லியல் அதிகாரி சுவரின் கனத்தை அளந்தார். ஐந்தடி.

நவாபின் கோடை மாளிகையை நான்தான் சுற்றிக் காட்டினேன். மூலைக்கொரு கொத்தளம், துப்பாக்கி நீட்டத் துளைகள், தரைக்கடியில் ஏரித் தண்ணீர் ஓடிய கால்வாய். அதனால் சித்திரை மாதத்திலும் உள்ளறைகள் சில்லென்று இருக்குமாம். வெயிலுக்குப் பயந்து பூந்தமல்லிப் பக்கம் ஓடிவந்த நவாபுக்கு இத்தனை பந்தோபஸ்து எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவருடைய காவல்காரன் அறைதான் எங்கள் வீடு. மூன்று தலைமுறையாக. ரேஷன் கார்டிலும் அதே விலாசம்.

கல்வெட்டு கிடைத்தால் தொல்லியல் துறைக்காரர்கள் நீல போர்டு மாட்டி எங்களைக் கிளப்பிவிடுவார்கள் என்று கரையான்சாவடி டீக்கடையில் கோதண்டம் சொன்னான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

அதிகாரி வாசல் வளைவுக்குப் பக்கத்தில் நின்றார். சுவரில் ஒரு முழ நீளத்துக்குப் பலகை மாதிரி ஒரு பள்ளம். கரியும் மண்ணும் குழைத்துப் பூசி, நான்தான் அதைப் பழசாக்கி வைத்திருந்தேன்.

"இங்க ஒரு கல்லு இருந்துச்சாமே, நாலு வரி எழுத்தோட?"

"எங்க அத்தா காலத்துலயே உயுந்து ஒடஞ்சி பூடுச்சி சார்."

என் குரல் நடுங்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பின்பக்கம் என் மனைவி லத்தீஃபா புதினாத் துவையல் அரைக்கும் சத்தம் கேட்டது. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவது எங்களுக்கு வழக்கமில்லை.

அதிகாரி நோட்டை மூடினார். முகத்தில் கோபமில்லை, சோர்வுதான்.

"வருஷம் போட்ட அந்தக் கல்லு ஒண்ணுதான் சாட்சி. அது இருந்தா இடிக்கக் கூடாதுன்னு தடை வாங்கியிருப்பேன். காவலுக்கும் உங்களையே போடச் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே முடியாது பாய். அடுத்த மாசம் இந்த இடத்த வாங்கின ஃபேக்டரிக்காரங்க வந்து இடிச்சிருவாங்க."

அம்மிச் சத்தம் நின்றது.

பின்பக்கம் ஓடிப்போய் அந்தக் கல்லைத் தூக்கிவந்து அவர் காலடியில் போட்டிருக்கலாம். போட்டு என்ன ஆகப்போகிறது?

போன வெள்ளிக்கிழமைதான் தெருவில் அம்மி கொத்தணுமா என்று கூவிக்கொண்டு போன பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, அதை அம்மியாகக் கொத்தித் தரச் சொன்னோம். கெட்டிக்காரி. நாலு வரியிலும் ஓர் எழுத்து மிச்சமில்லாமல் கொத்திக் கொடுத்துவிட்டுப் போனாள்.